தீர்ப்பு வரும்வரை நிறுத்தக் கூடாது

அபுதாபி முசஃபாவில் கராபெத் முதலாளியின் இரும்பு யார்டில் சோலைமுத்துவுக்குச் சிக்னல்மேன் வேலை. பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால், சரியான நேரத்தில் நிறுத்தச் சொல்வது. கிரேனைத் தூக்கு என்றும் திருப்பு என்றும் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இறங்கி வருகிற இரும்பை, கீழே நிற்கிறவன் கால்மேல் உட்காருவதற்கு முன்னால் நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவனுக்குச் சோறு போட்டார்கள்.

கீழே நிற்கிறவன் சரவணகுமார். சோலைமுத்து அறந்தாங்கிக்காரன், இவன் பேராவூரணி. ஒரே ரூம், மேல்கட்டில் கீழ்கட்டில். தூக்கி வரும் இரும்பைக் கையால் அணைத்து, போல்ட்டில் உட்கார வைக்கிற ரிக்கர் வேலை சரவணகுமாருக்கு. அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ரிக்கர் மேலே அண்ணாந்து பார்க்கமாட்டான். பார்த்தால் கை பிசகும். கண்ணைப் போல்ட்டில் வைத்து, உயிரைச் சிக்னல்மேனின் குரலில் வைத்துவிட்டு வேலை செய்வான். பல வருடங்களாகச் சரவணகுமார் அப்படித்தான் நின்றான். ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.

கிரேன் ஓட்டியது அதிராம்பட்டினத்துக் கௌஸ் முகம்மது. யார்டுக்கே கௌஸ் பாய். பார்க்கிற தூரத்தில் நின்றால் கையைக் காட்டினால் போதும். மறைவில் இரும்பை இறக்கும்போது கையைக் காட்டி என்ன பிரயோசனம், வாக்கி டாக்கிதான்.

முதலாளியைப் போலவே யார்டின் மூன்று போர்மேன்களும் ஆர்மீனியர்கள். ஆனால் ஊர் மூன்று. ஹாகோப் அலெப்போவில் பிறந்தவன். ரூபென் எரெவான்காரன். வாச்சிக் டெஹ்ரானிலிருந்து வந்தவன். மூவரும் ஒரே மொழி பேசுவதாக அவர்களே சொல்லிக்கொண்டார்கள், நம்பித்தான் ஆக வேண்டும். சுத்தியல் வேண்டுமென்றால் ஹாகோப் துருக்கிக்காரனிடம் வாங்கிய சாகுச்சைக் கேட்பான். ரூபென் ரஷ்யாக்காரனின் மலதோக்கைக் கேட்பான். வாச்சிக் பாரசீகத்துச் சக்கோஷைக் கேட்பான். கிரேன் ஹாகோப்புக்கு வின்ச், ரூபெனுக்குக் கிரான், வாச்சிக்குக்கு ஜரஸ்கில். கிளம்பு என்பதற்கு ஒருவன் யல்லா என்பான், இன்னொருவன் தவாய் என்பான். போன போன நாட்டிலெல்லாம் அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கிப் பிழைத்த ஜனம். டீ நேரத்தில் ஒருவன் வாங்கிய கடனை இன்னொருவன் சொல்லிக் காட்டிச் சிரிப்பான். மூவரும் சிரித்து முடித்துவிட்டு ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்பார்கள்.

சோலைமுத்து இவர்கள் பேசியதையெல்லாம் தன் வாயில் போட்டுக் குழப்பி, மேலே கொஞ்சம் இந்தியையும் தூவி ஒரு பாஷை வைத்திருந்தான். "தவாய் பாய், ஷ்வய்ய ஷ்வய்ய, நீச்சே, நீச்சே, பஸ்." ஷ்வய்ய என்றால் மெதுவாக, நீச்சே என்றால் கீழே. பஸ் என்றால் கௌஸ் பாய் நிறுத்திவிடுவார். கலாஸ் என்றாலும் நிறுத்துவார், ஸ்டாப் என்றாலும் நிறுத்துவார். ரூபென் அவனைச் செல்லமாகச் சோலா ஜான் என்று கூப்பிடுவான். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஒழுங்காக நடப்பதைப் பார்த்தால் சில பேருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் கராபெத் முதலாளி பாரிஸில் ஏதோ ஆர்மீனிய மாநாட்டுக்குப் போனார். மேடையில் தன் தொழிலைப் பற்றிப் பேசும்போது வின்ச் என்று சொல்லிவிட்டாராம். முன்வரிசையில் யாரோ சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை. திரும்பி வரும்போது டாக்டர் நெர்சேஸ் என்பவரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, மொழிக்கு டாக்டர். ஆர்மீனிய மொழியைப் பேசுகிற மனிதர்கள் நடுவில் ஒரு வருடம்கூட அவர் வாழ்ந்ததில்லை என்றும், அதனால்தான் அவருடைய ஆர்மீனியம் அத்தனை சுத்தம் என்றும் ஆபீஸில் பெருமையாகச் சொன்னார்கள்.

யார்டில் மொழித் தூய்மைப் பிரிவு தொடங்கியது. பிரிவு என்றால் ஏசி வைத்த போர்ட்டா கேபின் வேண்டுமே. வைக்க இடம் தேடினார்கள். மத்தியானத்தில் ஆட்கள் படுத்துக்கொள்ளத் தகரக் கூரை போட்ட நிழல் ஒன்று இருந்தது. அதைப் பிரித்துவிட்டு அங்கே கேபினை இறக்கினார்கள். ஆகஸ்ட் வெயிலில் ஆட்கள் டிரெய்லருக்கு அடியில் புகுந்து படுத்தார்கள். கேபினின் ஏசி வெளியே தள்ளிய சூடு நேராக டிரெய்லர் பக்கம்தான் வந்தது.

தொடக்க விழாவில் டாக்டர் இங்கிலீஷில் பேசினார். ஆபீஸ் மேனேஜர் ஸ்ரீனிவாசன் அதைத் தமிழில் சொன்னார். ஸ்ரீனிவாசன் சென்னைக்காரர், அபுதாபி டவுனில் குடும்பத்தோடு இருந்தார். அங்கே ஒரு தமிழ் மாமன்றத்துக்குச் செயலாளர். மேடை கிடைத்துவிட்டால் அவருக்கு வேறொரு குரல் வந்துவிடும்.

"உழைக்கும் கரங்களே," என்று தொடங்கினார் ஸ்ரீனிவாசன். "டாக்டர் அவர்கள் திருவாய் மலர்ந்தருளியது யாதெனில், இந்த வளாகத்தில் இரும்பு தூய்மையாக இருக்கிறது, பெயிண்ட் தூய்மையாக இருக்கிறது, சொல் மட்டும் சாக்கடையாக இருக்கிறது. ஒரு மனிதனின் கால் ஒடிந்தால் கட்டுப் போடலாம். மொழியின் கால் ஒடிந்தால் யார் கட்டுப் போடுவது?"

முன்வரிசையில் கைதட்டினார்கள். சரவணகுமார் சோலைமுத்துவின் காதுக்குள் கேட்டான்.

"நமக்கு என்னண்ணே இதுல?"

"ஒண்ணும் இல்லடா. அவுக பாஷை, அவுக பாடு. நிழல்தான் போச்சு."

நிழலோடு போகவில்லை. அடுத்த வாரமே ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தார்கள். சுத்தமாகப் பேசுகிறவனுக்குப் பச்சை, அவ்வப்போது தவறுகிறவனுக்கு மஞ்சள், வாயைத் திறந்தாலே அந்நியச் சொல் கொட்டுகிறவனுக்குச் சிவப்பு. போர்மேன்கள் மூவருக்கும் சிவப்பு. கிரேனைப் பார்த்து அம்பர்ட்ஸிச் என்று சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். அந்தச் சொல்லை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கிரேன் வேலையை முடித்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். யார்டிலேயே பச்சை வாங்கியது ஒரே ஆள். பிறவியிலேயே பேச்சு வராத பெங்காலி வாட்ச்மேன்.

பிறகு ஜான் என்ற சொல்லை எடுத்தார்கள். ஜான் பாரசீகச் சொல் என்று கண்டுபிடித்துவிட்டாராம் டாக்டர். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, வாச்சிக்கைக் கேட்டிருந்தால் டீ குடிக்கும்போதே சொல்லியிருப்பான். ஒருவரை ஒருவர் அன்பாகக் கூப்பிட வேண்டுமானால் பிரிவுக்கு எழுதிப் போட்டால், தகுந்த தூய சொல்லைப் பரிசீலித்துத் தருவார்களாம். யாரும் எழுதிப் போடவில்லை. ரூபென் சோலைமுத்துவைக் கூப்பிட்டபோது "சோலா..." என்று நிறுத்தி, சுற்றும்முற்றும் பார்த்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். பெரிய மீசைக்காரன் அப்படிப் பயந்து நடந்ததைப் பார்த்துச் சோலைமுத்துவுக்கு மனசு என்னவோ போலாயிற்று.

டீ நேரத்தில் மூன்று போர்மேன்களும் மூன்று மூலைக்குப் போனார்கள். ஒருவன் கடன் வாங்கிய சொல்லை இன்னொருவன் கேபினில் போய்க் காட்டிக் கொடுத்தால் அவனுக்கு ஒரு புள்ளி கூடும் என்று டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். எத்தனையோ வருடமாகச் சிரித்துத் தின்ற ரொட்டி அந்த மாதத்தோடு சரி.

செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. கோட்டு போட்ட ஆறேழு ஆண்கள், முத்துமாலை போட்ட ஒரு அம்மாள். சோலைமுத்துவைக் கேபினுக்குக் கூப்பிட்டார்கள். அவன் கவரால் உடுப்பைத் தட்டிவிட்டு, பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனான். ஏசிக் குளிரில் உடம்பு சிலிர்த்தது. அவனை நடுவில் ஒரு சின்ன மேடையில் நிறுத்தினார்கள். பேர் கேட்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை.

"நம் மொழி எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதற்கு இந்த மனிதனே எடுத்துக்காட்டு," என்று டாக்டர் சொன்னதை ஸ்ரீனிவாசன் பணிவோடு தமிழாக்கினார். "மூன்று கிளைகளின் கழிவும் இவன் ஒருவன் வாயில் சேர்ந்திருக்கிறது. அஞ்சாதீர்கள், தூரத்திலிருந்தே கேட்கலாம்."

அவனைப் பேசச் சொன்னார்கள். கார் என்று சொல்லு, ரூபென் எப்படிச் சொல்வான்? மஷினா. ஃபிரிட்ஜுக்கு வாச்சிக் என்ன சொல்வான்? யக்சால். கைப்பைக்கு ஹாகோப்? சாந்தா. ஒவ்வொன்றுக்கும் கோட்டு ஆட்கள் ஐயோ பாவம் என்று தலையாட்டினார்கள். முத்துமாலை அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சொல்லுக்கு நாற்றம் உண்டா என்று சோலைமுத்துவுக்குத் தெரியவில்லை. தன் வியர்வைதான் போலிருக்கிறது என்று கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றான். மேடை முடிந்துபோய்க் கால் தடுக்கியது. ஒருவர் போட்டோ எடுத்தார்.

வெளியே வரும்போது ஸ்ரீனிவாசன் கூடவே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"எப்படிப்பட்ட அர்ப்பணிப்பு பாத்தியா சோலமுத்து? நம்ம மாமன்றத்துக்கும் இப்படி ஒரு பிரிவு கொண்டுவரணும். நம்ம ஆளுங்க பேசறது காது குடுத்துக் கேக்க முடியலை." அதற்குள் அவர் செல்போன் அடித்தது. "எஸ் ரக்ஷிதா கண்ணா, டாடி இஸ் பிஸி. டெல் மம்மி ஐ வில் கம் பை சிக்ஸ்," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "தாய்மொழி தாய்க்குச் சமானம்ப்பா."

சோலைமுத்துவுக்கு ரூமுக்குப் போய்க் குளிக்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர் சூடாகத்தான் வரும், ஆனாலும் குளிக்க வேண்டும்.

அடுத்ததுதான் பெரிய விவகாரம். வாக்கி டாக்கியில் போகிற பேச்சையெல்லாம் டாக்டர் பதிவு செய்துவந்தார். அதில் அடிக்கடி வரும் அந்நியச் சொற்கள் ஸ்டாப், பஸ், கலாஸ் என்று தெரியவந்தது. தெரியாமல் இருக்குமா, அதுதானே வேலை. மூன்றையும் தடை செய்தார்கள். மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு எச்சரிக்கை, அதற்குமேல் விசா கேன்சல். வளைகுடாவில் வேலை பார்க்கிறவனுக்குக் கேன்சல் என்ற சொல்லை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சோலைமுத்துவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு எச்சரிக்கையும் வந்துவிட்டது. இரண்டு முறையும் பஸ் என்று சொல்லித்தான் சரவணகுமாரின் கையைக் காப்பாற்றியிருந்தான்.

சரி, நிறுத்து என்பதற்குத் தூய சொல் என்ன? அங்கேதான் சிக்கல். தூய சொல் இரண்டு இருந்தது. ஹாகோப் பக்கத்து மேற்கத்தியர்கள் கெத்சிர் என்பார்கள். ரூபென், வாச்சிக் பக்கத்துக் கிழக்கத்தியர்கள் கங்னிர் என்பார்கள். இரண்டிலும் துருக்கி இல்லை, ரஷ்யா இல்லை, ஒரு பழுதும் இல்லை. டாக்டருக்கு வாழ்நாளில் இப்படி ஒரு சோதனை வந்ததில்லை.

வெளிநாட்டுக் குழு தங்கி இதை ஆராய்ந்தது. வாக்கி டாக்கியில் எது நன்றாகக் கேட்கிறது என்று பார்க்க, சோலைமுத்துவை வெயிலில் கிரேனடியில் நிறுத்தி இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தார்கள். கெத்சிர், கங்னிர், கெத்சிர், கங்னிர். அவன் தொண்டை வறண்டு போயிற்று. கேபினுக்குள் சண்டை நடந்தது. கெத்சிரில் நம் தாத்தாக்களின் கண்ணீர் இருக்கிறது என்றார் ஒருவர். கங்னிரில் ஒரு நாட்டின் நிமிர்வு இருக்கிறது என்றார் இன்னொருவர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் என்ன என்று முத்துமாலை அம்மாள் கேட்டாள். எதை முதலில் சொல்வது என்று அதற்கு ஒரு நாள் சண்டை நடந்தது. கடைசியில் ஒருவர் தட்டைத் தூக்கி எறிந்தார் என்று டீ கொண்டுபோனவன் சொன்னான்.

மறுநாள் காலை ஸ்ரீனிவாசன் ஆட்களைக் கூட்டி இடைக்கால உத்தரவைச் சொன்னார்.

"தீர்ப்பு வரும்வரை இரண்டு சொற்களும் நிறுத்திவைக்கப்படுகின்றன. அந்நியச் சொற்கள் மூன்றும் ஏற்கெனவே தடை. வாக்கி டாக்கியில் வேறு எதையும் புதிதாகச் சொல்லக் கூடாது."

சோலைமுத்து கையைத் தூக்கினான்.

"சார், அப்ப நிறுத்தணும்னா என்ன சொல்றது?"

ஸ்ரீனிவாசன் டாக்டரிடம் குனிந்து கேட்டார். டாக்டர் ரொம்ப அன்பாகச் சிரித்து ஏதோ சொன்னார்.

"நிறுத்த வேண்டிய அவசியம் வராதபடி பாத்துக்கச் சொல்றார்."

சோலைமுத்து சுற்றிலும் பார்த்தான். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் அவன் கௌஸ் பாயிடம் போனான்.

"பாய், இவய்ங்க கதை எப்படியும் போகட்டும். நான் எதைக் கத்துனாலும் நிறுத்திருவீகல்ல?"

"நீ கத்துப்பா, நான் நிறுத்தறேன். எனக்குப் பாஷை எதுக்கு, ஒன் கொரல் தெரியாதா எனக்கு?" என்றார் கௌஸ் பாய். "ஆனா கத்தணும். கத்தாம நீ மனசுல நெனச்சா எனக்குக் கேக்காது."

அக்டோபரில் யார்டுக்கு ஆண்டு விழா வந்தது. வாசல் கேட்டின்மேல் ஆர்மீனிய மொழியின் முதல் எழுத்தை இரும்பில் செய்து நிறுத்த வேண்டுமென்று முதலாளி ஆசைப்பட்டார். ஆட்கள் வெட்டி ஒட்டிச் செய்தார்கள். மூன்று ஆள் உயரம், மூன்று டன் எடை. பெயிண்ட் ஷெட்டுக்கு இந்தப் பக்கம் கிரேன், அந்தப் பக்கம் கேட். கௌஸ் பாய்க்குக் கேட் தெரியாது. குரலை நம்பித்தான் இறக்க வேண்டும்.

கம்பளம் விரித்தார்கள், நாற்காலி போட்டார்கள். சிவப்பு ஸ்டிக்கர்காரர்கள் விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாது என்று போர்மேன்களைத் தூரத்தில் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். வாக்கி டாக்கி மூன்று. ஒன்று கௌஸ் பாயிடம், ஒன்று சோலைமுத்துவிடம், ஒன்று டாக்டர் நெர்சேஸிடம். யார் என்ன சொல்கிறார்கள் என்று கவனிப்பதற்காக டாக்டர் சோலைமுத்துவுக்குப் பக்கத்திலேயே நின்றார். நல்ல கோட்டு, நல்ல வாசனை.

சரவணகுமார் கேட்டின் மேல்தளத்தில் இடது முழங்காலை ஊன்றி, வலது பாதத்தை முன்னால் வைத்து மண்டியிட்டிருந்தான். எழுத்தின் அடித்தகடு இறங்க வேண்டிய நாலு போல்ட்டும் அவன் முழங்காலுக்கு முன்னால் இருந்தன. எழுத்து ஷெட்டுக்கு மேலாக ஆடாமல் வந்தது. விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சோலைமுத்து "நீச்சே" என்ற சொல்லைக்கூடத் தவிர்த்து, டாக்டர் சொல்லிக் கொடுத்த தூய சொல்லால்தான் இறக்கினான். இறக்குவதற்குச் சொல் இருந்தது. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

கடற்கரைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. எழுத்து மெல்லத் திரும்பியது. அடித்தகட்டின் ஒரு மூலை போல்ட்டை விட்டு விலகி, மண்டியிட்டிருந்த சரவணகுமாரின் வலது பாதத்துக்கு நேராக இறங்கியது. சரவணகுமார் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கம்போல மேலே பார்க்கவில்லை.

சோலைமுத்து பார்த்துவிட்டான். வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனான், பட்டனையும் அழுத்திவிட்டான். பஸ் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே கேன்சலும் வந்தது. கெத்சிர் வந்தது, கங்னிர் வந்தது, இரண்டும் கூடாது என்பதும் வந்தது. ஒரு மூச்சு நேரம் அவன் வாய் திறந்தபடி இருந்தது, குரல் வரவில்லை. பக்கத்தில் திரும்பி டாக்டரைப் பார்த்தான். டாக்டரும் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். வாயைத் திறந்தார். பிறகு மெதுவாக, எதையோ யோசித்தவர்போல, மூடிக்கொண்டார்.

தூரத்தில் ஹாகோப்பும் ரூபெனும் வாச்சிக்கும் கயிற்றைத் தாண்டி ஓடிவந்துகொண்டே கத்தினார்கள். மூன்று பேரும் மூன்று விதமாகக் கத்தினார்கள். கிரேன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"பஸ். பஸ். பஸ் பாய், நிறுத்துங்க பாய்," என்று அதற்கப்புறம்தான் சோலைமுத்து கத்தினான். கௌஸ் பாய் அந்த நொடியே நிறுத்தினார். ஆனால் தகடு பாதத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

விழா நின்றுபோனதில் முதலாளிக்கு வருத்தம். எழுத்து மட்டும் நின்றது. அன்று சாயங்காலமே நேராக்கி போல்ட்டை முடுக்கிவிட்டார்கள்.

விசாரணை அடுத்த வாரம் கேபினில் நடந்தது. முதலாளி, டாக்டர், வெளிநாட்டுக் குழு, மொழிபெயர்க்க ஸ்ரீனிவாசன். சோலைமுத்து பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். மூன்றாவது முறை அந்நியச் சொல் சொல்லிவிட்டான், கேன்சல் நிச்சயம். அதைப் பற்றி அவனுக்குப் பெரிய கவலை இல்லை. யாராவது தன்னைச் செருப்பால் அடித்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது அவனுக்கு.

வாக்கி டாக்கிப் பதிவைப் போட்டார்கள். இறக்கு என்ற தூய சொல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை, காற்றும் கிரேன் இரைச்சலும். பிறகு பஸ் பஸ் என்ற கத்தல். டாக்டர் நிறுத்தினார். திரும்பவும் அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முத்துமாலை அம்மாளும் கண்ணை மூடினாள்.

டாக்டர் எழுந்து பேசினார். ஸ்ரீனிவாசன் தன் மேடைக் குரலை எடுத்துக்கொண்டார்.

"கேட்டீர்களா அந்த மௌனத்தை? நான் முப்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் நம் மக்களிடம் கெஞ்சியிருக்கிறேன். அந்நியச் சொல் வாயில் வரும்போது ஒரு கணம் தயங்குங்கள், அது போதும் என்று. சொந்த ரத்தமே தயங்கியதில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு தமிழ்த் தொழிலாளி, தோழனுடைய கால் போகிறது என்று தெரிந்தும், நம் மொழிக்காகத் தயங்கினான். பிரிவு வெற்றி பெற்றுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அதற்குப் பின் இவன் கத்தியது மனித பலவீனம். அதை மன்னிக்கிறோம்."

கைதட்டினார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோலைமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்ரீனிவாசன் பக்கம் திரும்பினான்.

"சார், ஒண்ணு கேக்கணும் அவர்கிட்ட," என்றான். "அவர் கையிலயும் வாக்கி டாக்கி இருந்துச்சு. என்னைய மாதிரி அவரும் பாத்தாரு. அவருக்கு யாரு கேன்சல் அடிக்கப் போறா? அவர் ஏன் சொல்லல?"

ஸ்ரீனிவாசனுக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை. ரொம்ப நல்ல கேள்வி என்பதுபோலத் தலையாட்டினார்.

"பார்த்தேன் என்கிறார்," என்று ஸ்ரீனிவாசன் சொன்னார். "இரண்டு சொற்களும் தன் நாவின் நுனிக்கு வந்தன என்கிறார். ஆனால் தான் தீர்ப்புக் குழுவின் தலைவர். அந்த நேரத்தில் ஒன்றைச் சொல்லியிருந்தால் மற்றொரு தரப்புக்கு அநீதியாகியிருக்கும். தலைவர் என்பவர் நடுநிலையாக இருக்க வேண்டும். அந்தக் கணத்தில் நடுநிலை காப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது, தானும் துன்பப்பட்டேன் என்கிறார்."

கிழக்கத்தியரும் மேற்கத்தியரும் முதல்முறையாக ஒன்றாக எழுந்து நின்று டாக்டருக்குக் கைதட்டினார்கள்.

பிறகு ஒரு வெல்வெட் டப்பாவை எடுத்துவந்தார்கள். உள்ளே பதக்கம், அதில் கேட்டின்மேல் நின்ற அதே எழுத்து. ஸ்ரீனிவாசன் தன் பங்குக்கு மாமன்றத்திலிருந்து ஒரு பொன்னாடை கொண்டுவந்திருந்தார். "தமிழனின் பெருமையை உலகறியச் செய்த சோலமுத்து," என்று ஆரம்பித்து, கவராலுக்கு மேலேயே போர்த்திவிட்டார். டப்பாவை நீட்டினார்கள். சோலைமுத்துவின் கை அது பாட்டுக்கு நீண்டு வாங்கிக்கொண்டது. எத்தனையோ வருடமாக நீட்டியதை வாங்கிப் பழகிய கை. அந்தக் கைமேல் அவனுக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமில்லை. போட்டோ எடுத்தார்கள். இந்தமுறை அவன் பேரையும் கேட்டுக்கொண்டார்கள்.

பொன்னாடையை வெளியே டிரெய்லர் சக்கரத்தில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஹாகோப் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் ஒரு சொல் பேசவில்லை, எந்த மொழியிலும்.

சரவணகுமார் விழித்திருந்தான். போர்வை வலது பக்கம் சீக்கிரமாகவே தட்டையாகிவிட்டிருந்தது. ரூபென் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு தலைமாட்டில் அப்படியே இருந்தது.

"வாண்ணே. கேன்சலா?"

"இல்லடா."

"அப்பாடா," என்றான் சரவணகுமார். நிஜமாகவே சந்தோஷப்பட்டான். கொஞ்ச நேரம் கழித்து, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டான். "ஏண்ணே, அன்னிக்குக் காத்து எரைச்சல்ல நீ சொன்னது எனக்குத்தான் கேக்கலையா? எப்பவும் கேக்குமே."

சோலைமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். பொய் சொல்லிவிடலாம், காற்றின்மேல் பழியைப் போட்டுவிடலாம். இவன் நம்புவான், இத்தனை வருடம் தன்னை நம்பித்தானே மண்டியிட்டான்.

"நான் சொல்லலடா. ஒரு மூச்சு நேரம் சும்மா நின்னுட்டேன்."

சரவணகுமார் கூரையைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை இறங்கி சோலைமுத்துவின் கைக்கு வந்தது.

"கையில என்னண்ணே அது, டப்பா?"

"நான் சும்மா நின்னேன்ல," என்றான் சோலைமுத்து. "அதுக்கு எனக்குக் குடுத்தாய்ங்கடா."

டப்பாவைக் கட்டிலில், கால் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தான். அங்கே தாராளமாக இடம் இருந்தது.